பரீட்சை முடியட்டும்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாள் முடிந்து, ஆங்கிலத் தாளுக்கு இரண்டு நாள் மிச்சமிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, லாரி டிரைவர் அர்த்தநாரி தன் வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துபோனார். பத்தரைக்கு டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அந்தக் கையை மெதுவாக மார்பின் மேல் வைத்தார். பதினோரு மணிக்கு அர்த்தநாரியின் மனைவி வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க மாமா, அம்மிணிக்குப் பரீட்சை முடியட்டுமுங்க, அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். பதினொன்றே காலுக்கு அர்த்தநாரி எழுந்து உட்கார்ந்து, "சரி" என்றார்.

எங்கள் வீதியில் இதற்கு யாரும் வாயைப் பிளக்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்படாதவற்றை நாங்கள் அதுவரை அதிகம் கண்டதில்லை. சங்ககிரிச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே வரும் எங்கள் லாரிப் பட்டறை ஊரில், தை பிறந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் கேபிள் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். மாசிக் கல்யாணங்கள் மைக் செட் இல்லாமல் நடக்கும். குக்கர் கூவாதபடி பெண்கள் கரண்டிக் காம்பால் விசிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நிற்பார்கள். பங்குனியில் பூச்சாட்டித் தொடங்க வேண்டிய மாரியம்மன் நோன்பைச் சித்திரைக்குத் தள்ளலாமா என்று பூசாரி பூப்போட்டுக் கேட்டால் அம்மனே சம்மதம் கொடுப்பாள். நிச்சயம் பண்ணிய பெண் காத்திருந்தாள், குடலிறக்க ஆபரேஷன் காத்திருந்தது, பிரிந்துபோவதென்று முடிவெடுத்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் ஒருவருக்கொருவர் தண்ணீர் மோந்து கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாவு மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்துகொண்டிருந்தது. அதையும் நாங்கள் மறைத்துவிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைசி வீட்டுப் பையனைத் தூக்கி வளர்த்த அத்தை இறந்தபோது, அவனைச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, எடுத்துக்கொண்டு போய் எரித்து, வீட்டைக் கழுவிவிட்டு, சாயங்காலம் அவன் வந்ததும் சூடாகப் போண்டா கொடுத்தார்கள். மே மாதம் ரேஷன் கார்டில் ஒரு பேர் குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவனுடைய அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அர்த்தநாரிக்கு எதிர்வீட்டுக்காரன். பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, ஊரில் போட்டு இறுக்கினால்தான் பையனுக்கு மார்க் வரும் என்று நம்பி, அவன் பத்தாவது முடித்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவன். அவனும் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் நடந்ததைச் சொல்லும்போது என்னை யோக்கியன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அர்த்தநாரி வடக்கு லைன் ஓட்டுகிறவர். சேலத்தில் சரக்கு ஏற்றினால் கான்பூர், கான்பூரில் இறக்கினால் லூதியானா, அங்கே லோடு கிடைக்கவில்லையென்றால் கிடைக்கும்வரை லாரிக்கு அடியில் பாய். மகள் தரணிகா பிறந்து நாற்பதாவது நாள்தான் முகம் பார்த்தார். அதற்குப் பிறகும் மாதத்தில் மூன்று நாள், நாலு நாள். அந்த மகள் பரீட்சை எழுதும் ஒரு மாதம் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும், காலையில் தானே வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மாதம் முழுசாக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வந்த ஆறாவது நாள் இறந்தார்.

எழுந்து உட்கார்ந்தவரை டாக்டர் மறுபடியும் சோதித்துப் பார்த்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை, கண்ணில் டார்ச் அடித்தால் அசைவு இல்லை. "ஆள் போனது போனதுதானுங்க" என்று வசந்தாமணியிடம் சொன்னவர், பெட்டியை மூடும்போது, "சர்டிஃபிகேட்ல என்ன தேதி போடறதுன்னு அப்புறமா சொல்லுங்க, அவசரமில்ல. எனக்கும் ஒரு பொண்ணு லெவன்த் படிக்குது" என்றார்.

போனில் சேதி முன்பே போய்விட்டதால் சொந்தக்காரர்கள் மாலையும் கோடித் துணியுமாக வந்து இறங்கினார்கள். வீதி முனையிலேயே பக்கத்து வீட்டுச் சம்பூரணம் அவர்களை மறித்து மாலைகளை வாங்கி ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டினார். பறையடிக்க வந்தவர்களுக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். வந்தது வந்தாயிற்று, கேதம் கேட்காமல் எப்படிப் போவது என்று, ஒவ்வொருவராக உள்ளே போய் அர்த்தநாரியின் கையையே பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா இப்படி ஆயிப்போச்சு, நல்ல வயசாச்சே" என்று விசாரித்தார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும், "என்ன பண்றதுங்க, நம்ம கையில என்ன இருக்குது" என்று பதில் சொன்னார். சிறப்பு வகுப்புக்குப் போயிருந்த தரணிகா ஐந்து மணிக்கு வருவதற்குள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். தீட்டு உண்டா, கோவிலுக்குள் வரலாமா என்று கேட்டதற்குப் பூசாரி, "ஊட்ல வாய் விட்டு அழுதாத்தான் தீட்டு. இன்னும் அழுகலியே" என்று முடித்துவிட்டார். லாரி முதலாளி மட்டும் நாலாம் நாள் வந்து, "எந்திரிச்சுத்தான் உக்காந்திருக்கறயே அர்த்தநாரி, சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரே ஒரு நடை கான்பூர் போயிட்டு வந்துரேன். தூக்கமும் வராது உனக்கு, நல்லதாப் போச்சு" என்றார். அர்த்தநாரி, "என்ற புள்ளைக்குப் பரிச்சைங்க" என்றார். முதலாளி உடனே எழுந்து, "அட, அதை மறந்துட்டேன் பாரு" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். ஒரு மனிதன் செத்திருக்கிறான் என்பதற்கு அடங்காத வாயை அந்த வாக்கியம் அடக்கியது.

இப்படி ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. அவர் கேட்டதை மட்டும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர் கேட்டது சின்ன விஷயம். மகளோடு பேச வேண்டும். கிடைத்திருப்பது மூன்று வாரம், அதில் தினமும் கால் மணி நேரம். வசந்தாமணி முடியாது என்றார். "உங்க கை சில்லுனு இருக்குது மாமா, தொட்டாத் தெரிஞ்சுரும். குரலும் மாறிப்போச்சு. ஒரு வார்த்தை பேசினா ஒம்பது வார்த்தை கேப்பா. அவளுக்குக் கான்சன்ட்ரேஷன் போயிரும்." காலையில் அவர் பால் டம்ளரைக் கொண்டுபோய் மேஜையில் வைப்பதை முதலில் அனுமதித்தார்கள், சமையலறையிலிருந்து அறைக்குப் போவதற்குள் அவர் கையில் பால் ஆறி ஏடு கட்டியதால் அதையும் நிறுத்தினார்கள். பரீட்சை நாட்களில் வண்டியில் கொண்டுபோய் விடும் வேலை மட்டும் இருந்தது. அதிலும் மகள் பின்னால் உட்கார்ந்து முணுமுணுவென்று மனப்பாடம் சொல்லிக்கொண்டு வருவாள், அவர் குறுக்கே பேசக்கூடாது. மற்ற நாட்களில் வீட்டில் இருந்தால் அவள் கண்ணில் படுவார் என்று வசந்தாமணி அவரை எங்கள் வீட்டு போர்டிகோவுக்கு அனுப்பிவைத்தார். காலை ஒன்பதரையிலிருந்து பொழுது சாயும்வரை அவர் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூடிய ஜன்னல். உள்ளே மகள் ஒளிச்சேர்க்கையோ மின்னோட்டமோ படித்துக்கொண்டிருப்பாள்.

வசந்தாமணியைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல நான் கூசுகிறேன். அவருடைய கதை எனக்குச் சம்பூரணம் சொல்லித்தான் தெரியும். பத்தாவது கணக்குப் பரீட்சையன்று வசந்தாமணியின் அப்பா கிணற்று மேட்டில் விழுந்து இறந்திருக்கிறார். பாதிப் பரீட்சையில் வந்து அழைத்துப்போனார்கள். அந்தத் தாளை மறுபடி எழுத யாரும் அனுப்பவில்லை. அடுத்த தையில் கல்யாணம். அப்பன் இல்லாத வீட்டில் பெண்ணைப் படிக்க விடமாட்டார்கள் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. மகள் டாக்டர் ஆகும்வரை அந்த வீட்டில் ஓர் அப்பன் நாற்காலியில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஆனால் நாற்காலியில் இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்தார். முதல் வாரம் வாசனை போயிற்று. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தால் அது காப்பியா கஷாயமா என்று தெரியவில்லை என்றார். இரண்டாம் வாரம் சூடு குளிர் போயிற்று. வெயில் நகர்ந்து முகத்தில் விழுந்தாலும் நகர மாட்டார். அதற்குப் பிறகு குரல். காலையில் நன்றாகப் பேசுகிறவர் மத்தியானத்துக்குள் கிசுகிசுப்பாகிவிடுவார், அடுத்த நாள் காலை ஆரம்பிக்கும்போதே முந்தைய நாளைவிட ஒரு படி கீழேதான் ஆரம்பிப்பார்.

"டேங்க்ல ஓட்டைங்க" என்றார் ஒரு நாள். "ஓட்டற வரைக்கும் ஓடும். வழியில பங்க் கிடையாது."

"அப்ப பேசாம இருங்களேன், மிச்சம் பிடிக்கலாம்" என்றேன்.

"பேசாம இருந்தாலும் குறையுதுங்க. அதைத்தான் பார்க்கறேன்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "புள்ளகிட்ட என்ன பேசுவேன்னு ஊட்டுக்காரி கேக்கறா. என்னன்னுங்க சொல்றது? திட்டம் போட்டா பேசறது? எனக்கு அவளைத் தெரியிலீங்க. காரம் திம்பாளா மாட்டாளான்னு தெரியில. போன்ல பேசினா, எங்க இருக்கீங்கப்பா, சாப்டீங்களா, அம்மாகிட்ட குடுக்கறேன், அவ்ளோதான். எனக்கு அப்பன் இப்படித்தான் இருந்தான்னு நாளைக்கு அவ சொல்றதுக்கு ஒரு விஷயமாச்சும் வேணுமில்லீங்க?"

நான் அவரிடம், "இன்னும் பத்து நாள்தானே, பரீட்சை முடியட்டும்" என்றேன். எதிரே இருப்பவர் செத்துப்போன மனிதர். அவரிடம்தான் சொன்னேன்.

நடுவில் பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு விஷயம் எட்டியது. தாளாளர் பெற்றோர் கூட்டம் போட்டார். பிள்ளைகளிடம் அது பஸ் ரூட் சம்பந்தமான கூட்டம் என்று சொல்லப்பட்டது. மேடையில் அர்த்தநாரியை நடுநாற்காலியில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். "சில பேரண்ட்ஸால ஒரு சீரியலை விட முடியல. இங்க பாருங்க, ஒருத்தர் சாவையே தள்ளி வச்சிருக்கார்!" என்றார் தாளாளர். கைதட்டல் அடங்கப் பல நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். தேர்வுக் காலத்தில் எனக்கு இறப்பு நேரிட்டால் தேர்வு முடியும்வரை காத்திருப்பேன் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். தகப்பனார் கையொப்பம், தாயார் கையொப்பம், வீட்டில் உள்ள முதியோருக்குத் தனி இணைப்பு. எனக்குச் சுகர் இருக்கிறது, விலக்கு உண்டா என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க சார்" என்றார் தாளாளர். அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். எல்லோரும் போட்டோம். நீல மையா கறுப்பு மையா என்று மட்டும் நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

கடைசியில் அர்த்தநாரியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற புள்ளகூட ஒரு கால் மணி நேரம் பேச உட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். தாளாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, "அண்ணன் உணர்ச்சிவசப்படறாரு" என்றார். மறுபடி கைதட்டினோம்.

கடைசித் தாள் உயிரியல், இருபத்தைந்தாம் தேதி. இருபத்து நாலாம் தேதி காலையே எங்கள் வீதி தயாராகிவிட்டது. நாளை ஒன்றே காலுக்கு மணி அடித்ததும் தரணிகாவுக்குப் பக்குவமாகச் சொல்வது என்றும், மூன்று மணிக்குள் எடுத்துவிடுவது என்றும் சம்பூரணத்தின் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்து, பாடைக்கு மூங்கிலும் பச்சை ஓலையும் சொல்லிவைத்தார். அர்த்தநாரி போர்டிகோவில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் அப்போது பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும் அளவுக்கு வந்திருந்தது. "எடுக்கறதுக்கு முன்னால ஒரு மணி நேரமாச்சும் கிடைக்குமுங்களா?" என்று என்னைக் கேட்டார். கிடைக்கும் என்றேன்.

பதினொரு மணி வாக்கில் வசந்தாமணி தெருவைக் கடந்து வந்தார். உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, ஸ்கூல்ல இருந்து பேசினாங்க. நீட் பரீட்சைக்கு இன்னும் நாப்பது நாள்தானாம். இவ மார்க்குக்கு ஒரே மூச்சாப் படிச்சாக் கெடைச்சுருமாம். இப்பப் போய்ச் சொன்னா எல்லாம் வீணாப் போயிருமாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீட் முடியட்டுமுங்க மாமா."

அர்த்தநாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். "குரல் இருக்காது வசந்தா."

"உக்காந்திருந்தாப் போதும். பேச வேண்டாம்."

மூங்கில் சொல்லிவைத்திருந்த சம்பூரணத்தின் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். "அதுவும் நியாயந்தானே. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு" என்றார். "கவுன்சிலிங்கும் இருக்குது பொறவு" என்றார் சம்பூரணம், தன் வீட்டு வாசலிலிருந்தே. யாராவது ஒருவர் இது அக்கிரமம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தமிழிலும் அரபியிலும் அந்த வார்த்தை தெரியும். என் பையனும் நீட் எழுதுகிறான், நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் என்று என் மனசு அந்த இடத்தில் கணக்குப் போட்டது. அதனால் சும்மா இருந்தேன். அர்த்தநாரி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும், பாரம் ஏற்றிய பிறகு டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற மாதிரி, பொறுமையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவர்தான் தரணிகாவை வண்டியில் கொண்டுபோய் விட்டார். தேர்வு மையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அரசுப் பள்ளி. வெளியே புங்க மரத்தடியில் நாங்கள் பெற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். சில பெண்கள் உதட்டை மட்டும் அசைத்து சாமி பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மணி அடித்தது. கேள்வித்தாள் படிக்க நேரம், விவரம் நிரப்ப நேரம், பத்தே காலுக்கு எழுத மணி. அந்த மணி அடித்ததும் அர்த்தநாரி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். "பேரண்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கு வெளியிலதான்."

"தெரியுமுங்க. அது உசுரோட இருக்கற பேரண்ட்ஸுக்குத்தானுங்களே?"

போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து தனக்குக் கொடுத்திருந்த தாளை எடுத்துப் படித்தார். செல்போன் கூடாது, ஸ்மார்ட் வாட்ச் கூடாது, பிட்டு கூடாது. செத்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. விலகி வழிவிட்டார்.

மைதானத்தைக் கடந்து ஏழாம் நம்பர் அறையின் ஜன்னலுக்கு அவர் போய் நிற்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். என் மகனும் அதே அறையில்தான் இருந்தான். அங்கே நடந்ததை மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் பிறகு சொன்னார்.

"யாருங்க, பறக்கும் படையா?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க டீச்சர், அப்பனுங்க" என்றவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த குரலில் பெரும்பகுதியைத் திரட்டி, "அம்மிணி, உங்கப்பன் செத்துப்போயிட்டேன் சாமி" என்றிருக்கிறார். "மூணு வாரமாச்சு. சொல்லக்கூடாதுன்னாங்க. இனிச் சொல்றதுக்குக் குரல் இருக்காது, அதுதான் வந்தேன். நீ எழுதோணும்னா எழுது கண்ணு, நான் கோவிச்சுக்கமாட்டேன். சைக்கிள் ஸ்டேண்டுல உக்காந்திருக்கேன்."

இருபது பிள்ளைகளில் பத்தொன்பது பேர் தலை நிமிரவில்லை. பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாயங்காலம் என் மகனிடம், நீ நிமிர்ந்து பார்த்தாயா என்று கேட்டேன். "இல்லப்பா, அஞ்சு மார்க் கேள்வில இருந்தேன்" என்றான். எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் எங்கேயும் கொண்டுபோய்க் கொட்ட முடியவில்லை.

தரணிகா பேனாவை மூடினாள். எழுந்து நின்றாள். "இப்ப வெளிய போகக்கூடாதும்மா, உக்காரு, உக்காரு" என்று டீச்சர் கெஞ்சினார். அவள் விடைத்தாளைக் கொண்டுவந்து டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, மைதானத்தின் வெயிலில் குறுக்காக நடந்தாள்.

அப்போதுதான், மூன்று வாரமாக எதற்கும் ஆச்சரியப்படாத எங்கள் ஊர், "ஐயோ!" என்று ஒரே குரலில் அலறியது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினோம். போலீஸ்காரர் எங்களை மறிக்கவே மறந்துவிட்டார். "உள்ள போடி பொண்ணே, இன்னும் டைம் இருக்குது!" என்று கத்தினார்கள். "பயாலஜிடி, பயாலஜி!" என்று சம்பூரணம் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ போன் போட்டு வசந்தாமணியும் தலைமுடி அவிழ ஓடிவந்து, சைக்கிள் ஸ்டாண்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்த மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரி சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும், எந்திரி. நான் எந்திரிச்சு வந்துதான் இப்படிக் கெடக்கறேன்."

"ஜூன்ல மறுபடி எழுதலாம்மா. எல்லாருக்கும் தெரியும்" என்றாள் தரணிகா. கையை உதறவில்லை. "அப்பா ஜூன்ல இருக்கமாட்டாரு."

எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. ஒரு தாள். ஜூனில் துணைத்தேர்வு. விண்ணப்பம் கொடுத்தால் முடிந்தது. இந்த ஒரு தாளுக்குத்தான் ஒரு மனிதனைச் சாகவும் விடாமல் இருக்கவும் விடாமல் ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்திருந்தோம்.

வசந்தாமணி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை விட்டார். அர்த்தநாரிக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். மூன்று வாரமாக முந்தானைக்குள் வைத்திருந்த அழுகையை வாய்விட்டு எடுத்தார். கூட்டத்திலிருந்து உடனே ஒரு குரல், "சத்தம் போடாதீங்க, உள்ள புள்ளைங்க எழுதுதுல்ல!" என்று அதட்டியது. அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக ஓய்ந்து, கணவரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அப்பாவும் மகளும் ஒன்றே கால்வரை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய குரல் சிறுத்துக்கொண்டே போனதால் அவள் அவர் வாயருகே காதை வைத்துக் குனிந்திருந்தாள். இடையில் அவள் ஏதோ கேட்டாள், அவர் கையை அகல விரித்துக் காட்டினார், அவள் உரக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் ஊர் இன்றுவரை மன்னிக்கவில்லை. கடைசி மணி அடித்தபோது அவருடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு அவர் சாதாரணமாக, எல்லா மனிதர்களும் சாகிற மாதிரி, அவள் மேல் சாய்ந்தார்.

தூக்குவதற்கு ஆள் வரவில்லை. மூங்கில் சொன்னவர் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். மூன்று நாளில் பத்தாம் வகுப்புத் தேர்வு ஆரம்பம் என்பதால், பறையடிக்காமல், எங்கள் வீதி வழியாக வராமல், பின்பக்க வண்டிப்பாதையில் கொண்டுபோகும்படி சொல்லி அனுப்பினார்கள். அந்தப் போலீஸ்காரரும் நானும் லாரிப் பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் தூக்கினோம். கொள்ளி வைத்தது தரணிகா. பெண் கொள்ளி வைத்ததைக்கூட ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்கு ராசிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. சாமான் இறக்கிய அன்றே அந்தப் பையனின் அம்மா என் மனைவியிடம் டிகாஷன் வாங்க வந்தவர், என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, இந்த வீதியில ஒரு அதிசயம் நடந்துச்சாமே?"

"ஆமாங்க. எதிர்வீட்டு டிரைவர், செத்த பிறகு மூணு வாரம்..."

"அதில்லீங்க, அது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்" என்று கையை வீசித் தள்ளினார். "பரீட்சை ஹால்ல இருந்து ஒரு பொண்ணு பாதியில எந்திரிச்சு வந்துருச்சாமே. நெசமாவா?"

"நிஜம்தான். என் கண்ணால பார்த்தேன்."

எதிரே அந்த ஜன்னல் திறந்திருந்தது. தரணிகா மேஜையில் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள், மறுநாள் அவளுக்கு உயிரியல். அந்த அம்மா டம்ளரைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு விடுவிடென்று தன் வீட்டுக்குள் போய், மகனின் மேஜையை வீதிப் பக்கத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் இழுத்துப்போட்டார். சிமெண்ட் தரையில் அது தேய்கிற சத்தம் வீதி முழுவதும் கேட்டது.